"இதை இவளா எழுதினாள்?" ஆரம்பகால அமெரிக்க இலக்கியத்தில் இனமும் அடையாளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வடகிழக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆரம்பகால அமெரிக்க இலக்கியம் சொல்லிக்கொடுக்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் கல்யாண வீட்டிலும் கல்லூரிக் கருத்தரங்கிலும் ஒரே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. எம்.ஏ. மாணவர்கள் கேட்டவை, அவர்களைப் பெற்றவர்கள் கேட்டவை, என் அப்பா கேட்டவை எல்லாவற்றையும் கேட்டவர் பேச்சிலேயே வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

அமெரிக்காவுக்கே 250 வருஷம்தான் ஆகுது. அதுல 'ஆரம்பகால இலக்கியம்'னு தனியா ஒண்ணு இருக்கா மேடம்?

250 என்பது நாட்டின் வயது. அந்த மண்ணில் மக்கள் பேசியதும் பாடியதும் கதை சொன்னதும் அதற்கு எவ்வளவோ முந்தியவை. துறைக்குள் 'ஆரம்பகாலம்' என்றால் பொதுவாக ஐரோப்பியர் வந்து இறங்கிய நாளிலிருந்து சுமார் 1830 வரை என்று வைத்துக்கொள்வார்கள். அந்த எல்லை ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்னே பின்னே நகரும்.

கவிதையும் நாவலும் மட்டும் தேடிப் போனால் ஏமாற்றமாக இருக்கும். பிரசங்கம், நாட்குறிப்பு, கடிதம், சிறைப்பட்டு மீண்டவர் கதை, தூக்கு மேடைக்குப் போகிறவர் வாக்குமூலம், விடுதலை கேட்டுச் சட்டமன்றத்துக்குப் போட்ட மனு என எல்லாமே எங்களுக்கு இலக்கியம்தான். ஓடிப்போன அடிமையைப் பிடித்துத் தரச் சொல்லிப் பத்திரிகையில் வந்த விளம்பரங்களைக்கூட வகுப்பில் படிக்கிறோம். பிடிக்க நினைப்பவன் எழுதியதுதான், ஆனால் ஓடியவருக்கு எத்தனை மொழி தெரியும், என்ன கைத்தொழில் தெரியும், எந்தச் சட்டை போட்டுக்கொண்டு போனார், முதுகில் என்ன தழும்பு என்பதையெல்லாம் அவனே எழுதி வைத்திருக்கிறான். வேறு எங்கும் பதிவாகாத ஒரு மனிதர் அந்தப் பத்து வரியில் நடமாடுகிறார்.

இனம், அடையாளம்ங்கிறதெல்லாம் இன்னைக்கு வந்த பேச்சு. பழைய புத்தகத்துல நீங்களா கொண்டுபோய்த் திணிக்கிறீங்களோ?

அது அந்தக் காலத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. 1662-ல் வர்ஜீனியா காலனி ஒரு சட்டம் போட்டது: குழந்தை அடிமையா சுதந்திரமானதா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது. ஆங்கிலேயர் வழக்கப்படி குழந்தை தகப்பன் வழி. அதைத் தலைகீழாக மாற்றினார்கள். வெள்ளை முதலாளி தான் அடிமையாக வைத்திருந்த பெண்ணிடம் பெற்ற குழந்தையும் அவனுடைய சொத்தாயிற்று. 1691-ல் வெள்ளையர் கறுப்பரையோ பூர்வகுடியினரையோ மணந்தால் காலனியை விட்டே வெளியேற்ற வேண்டும் என்று இன்னொரு சட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையாக ஒரு கோட்டைச் சட்டம் கிழித்துக்கொண்டே வந்தது. அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் என்ன எழுதினார்கள் என்பதுதான் எங்கள் படிப்பு.

ஃபிலிஸ் வீட்லி யாரு? இந்தப் பாடம் எடுக்கிற எல்லாரும் அவங்க பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறாங்க.

1761-ல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பாஸ்டன் துறைமுகத்துக்கு ஓர் அடிமைக் கப்பல் வந்தது. கப்பலின் பெயர் ஃபிலிஸ். அதிலிருந்து இறங்கிய ஒரு சிறுமிக்கு முன்பற்கள் விழுந்திருந்தன, அதை வைத்து ஏழு எட்டு வயது இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். ஜான் வீட்லி என்ற வணிகர் தன் மனைவி சுசானாவுக்காக அவளை விலைக்கு வாங்கினார். கப்பலின் பெயரும் வாங்கியவரின் குடும்பப் பெயரும் சேர்ந்து அந்தக் குழந்தையின் பெயராயிற்று. அம்மா வைத்த பெயர் என்ன என்பது எந்தத் தாளிலும் இல்லை.

பதின்மூன்று பதினான்கு வயதில் அவர் கவிதை அச்சில் வந்துவிட்டது. 1772-ல் பாஸ்டனில் தொகுப்பாகப் போட முயன்றபோது போதிய ஆதரவு கிடைக்கவில்லை. மறு ஆண்டு லண்டனில் புத்தகம் வெளியானது. ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஒரு பெண்ணின் முதல் கவிதைத் தொகுப்பு. முகப்பில் அவர் இறகுபேனாவோடு உட்கார்ந்திருக்கும் படம், படத்தைச் சுற்றி 'திரு. ஜான் வீட்லியின் நீக்ரோப் பணியாள்' என்ற எழுத்து. திணிக்கிறோமா என்று மேலே கேட்டார்களே, அந்த முத்திரையை 1773-லேயே குத்தி வைத்திருக்கிறார்கள்.

உள்ளே ஒரு சான்றுப் பக்கம் இருக்கிறது. ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன், ஜான் ஹான்காக் உட்பட பாஸ்டனின் 18 பெரிய மனிதர்கள், இந்தக் கவிதைகளை இந்தப் பெண்தான் எழுதினாள் என்று உறுதி சொல்கிறார்கள். நம் பழைய நூல்களில் சாற்றுகவி போடுவார்கள், அதில் நூலின் பெருமை பாடப்படும். இங்கே பெருமை எதுவும் இல்லை, எழுதியது இவள்தான் என்பதற்கு மட்டும் 18 பேர் தேவைப்பட்டார்கள். 'இதை இவளா எழுதினாள்?' என்ற அந்தச் சந்தேகத்தைத்தான் தலைப்பில் வைத்திருக்கிறேன். என் வேலை முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றியே நடக்கிறது. யார் கேட்டார்கள், யாரைப் பார்த்துக் கேட்டார்கள், யாரைப் பார்த்து ஒருநாளும் கேட்கவில்லை என்பதுதான் விஷயம்.

பூர்வகுடிகள் தாங்களே எழுதினது ஏதாச்சும் இருக்கா? இல்ல, அவங்களைப் பத்தி மத்தவங்க எழுதினதுதானா?

நிறைய இருக்கிறது. மொஹீகன் இனத்தைச் சேர்ந்த சாம்சன் ஆக்கொம் 1723-ல் பிறந்தவர், பாதிரியார். 1760-களில் பிரிட்டனுக்குப் போய் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்து, பூர்வகுடிப் பிள்ளைகளின் பள்ளிக்காக சுமார் 12,000 பவுண்டு திரட்டிக் கொடுத்தார். அந்தப் பணம் அவருடைய பழைய ஆசிரியர் 1769-ல் தொடங்கிய டார்ட்மத் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைப் பையன்கள். ஆக்கொம் கொதித்துப்போனார்.

1768-ல் அவர் தன் வாழ்க்கையைச் சில பக்கங்களில் எழுதினார். அதில் சம்பளக் கணக்கு வருகிறது: பன்னிரண்டு ஆண்டு உழைப்புக்குத் தனக்குக் கிடைத்தது 180 பவுண்டு, வேறோர் இடத்தில் ஒரே ஆண்டு ஊழியத்துக்கு அதே தொகையைச் செலவழித்தார்கள். ஏன் இப்படி என்று கேட்டு, நான் ஓர் ஏழை இந்தியன் (பூர்வகுடியினரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்) என்பதால்தான், கடவுள் என்னை அப்படிப் படைத்தார், நானாக அப்படி ஆகவில்லை என்று முடிக்கிறார். அந்தக் கைப்பிரதி அச்சேறியது 1982-ல். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஒரு மனிதரின் நியாயமான கோபம் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது.

இதுக்கு என்ன படிக்கணும் அக்கா? எம்.ஏ. இங்கிலீஷ் போதுமா?

கல்லூரிப் பேராசிரியர் ஆகப் பிஎச்.டி. வேண்டும். அமெரிக்காவில் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்க எம்.ஏ. கட்டாயமில்லை, ஆனால் நம் ஊரில் மூன்று வருட பி.ஏ. முடித்தவர்கள் பெரும்பாலும் எம்.ஏ.வோடுதான் போகிறார்கள். பல துறைகள் ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வு மதிப்பெண் கேட்பதை நிறுத்திவிட்டன. மூன்று பரிந்துரைக் கடிதம், ஏன் படிக்க வருகிறீர்கள் என்ற கட்டுரை, பதினைந்து இருபது பக்கத்தில் மாதிரி ஆய்வுக் கட்டுரை ஆகியவை வேண்டும். கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பரில் வரும்.

இதில் மாதிரிக் கட்டுரைதான் உயிர். நம் மாணவர்கள் பெரும்பாலும் கோட்பாட்டாளர்கள் பெயராக அடுக்குகிறார்கள், மூல நூலிலிருந்து நான்கு வரி எடுத்து நிதானமாகப் படித்துக் காட்டுவதில்லை. தேர்வுக் குழு பார்ப்பது அந்த நான்கு வரியைத்தான். எப்படிப் படிப்பது என்பதற்குக் கீழே வீட்லியின் கவிதையைப் பற்றிய பதிலைப் பாருங்கள்.

பிஎச்.டி. எத்தனை வருஷம்? செலவுக்கு லோன் போடணுமா தம்பிக்கு?

ஐந்திலிருந்து ஏழு ஆண்டு ஆகும். முதல் இரண்டு ஆண்டு வகுப்புகள், அப்புறம் பெரிய புத்தகப் பட்டியலை வைத்து ஒரு தகுதித் தேர்வு, பிறகு ஆய்வேடு. லோன் போட வேண்டாம். ஆங்கில இலக்கியத்தில் நல்ல துறைகள் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதச் செலவுக்கு உதவித்தொகையும் தருகின்றன. பதிலுக்கு நாம் இளங்கலை மாணவர்களுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்தத் தொகையில் சிக்கனமாக வாழலாம், ஊருக்குப் பணம் அனுப்புவது கஷ்டம். நிதி தராமல் இடம் மட்டும் தருகிறோம் என்றால் போகாதீர்கள். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், கடன் வாங்கி இந்தப் பிஎச்.டி. படிக்கவே கூடாது.

அமெரிக்கா போகாம நம்ம ஊர்லயே இதுல ஆராய்ச்சி பண்ண முடியுமா?

முடியும். 1964-ல் ஹைதராபாத்தில் அமெரிக்கவியல் ஆய்வு மையம் தொடங்கியபோது தென்னிந்தியாவிலிருந்து எத்தனையோ ஆய்வு மாணவர்கள் அதன் நூலகத்துக்காகவே ரயில் ஏறினார்கள். இன்று இணையம் அந்தப் பயணத்தில் பாதியை மிச்சப்படுத்திவிட்டது. அமெரிக்காவில் 1800 வரை அச்சான நூல்களில் ஏறக்குறைய ஐயாயிரம், எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்யப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. அடிமைத்தளையிலிருந்து மீண்டவர்களின் சுயசரிதைகளை வட கரோலினா பல்கலைக்கழகம் முழுசாகப் போட்டு வைத்திருக்கிறது. ஆக்கொமின் கடிதங்களையும் இணையத்தில் படிக்கலாம்.

இந்தியாவில் பிஎச்.டி. பதிவு செய்தவர்களுக்கு ஃபுல்பிரைட்-நேரு ஆய்வு நல்கை இருக்கிறது, ஆறிலிருந்து ஒன்பது மாதம் அங்கே போய் இருக்கலாம். இந்தக் காலத்தை எடுப்பவர்கள் நம் ஊரில் குறைவு, கைடு கிடைப்பது சிரமமாக இருக்கும். அடிமை முறை, காலனியம், அச்சு வரலாறு ஏதாவது ஒன்று தெரிந்த கைடாகப் பார்த்துச் சேருங்கள், மீதியை நீங்களே படித்துக்கொள்ளலாம்.

அம்மாடி, நாள் முழுக்க உக்காந்து நீ என்னதான் வேலை பாக்குற?

இது அப்பா கேட்டது. பருவம் நடக்கும்போது பாடம் எடுப்பது, பேப்பர் திருத்துவது, கமிட்டிக் கூட்டம், அவ்வளவுதான் அப்பா. விடுமுறையில் காப்பகம். வூஸ்டர் நகரில் 1812-ல் தொடங்கிய அமெரிக்கன் ஆன்டிகுவேரியன் சொசைட்டி, ஃபிலடெல்ஃபியாவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1731-ல் தொடங்கிவைத்த லைப்ரரி கம்பெனி, சிகாகோவில் நியூபெரி நூலகம் என்று நல்கை கிடைக்கும் இடத்துக்குப் போய் ஒரு மாதம், இரண்டு மாதம் இருப்பேன்.

வாசலில் பையையும் பேனாவையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள், பென்சில் மட்டும் உள்ளே போகலாம். மெத்தை போன்ற தாங்கியில் புத்தகத்தைச் சாய்த்து வைத்து, பக்கம் மூடாமல் இருக்க மணி கோத்த கயிறு போன்ற எடையை மேலே வைப்பார்கள். சினிமாவில் வருவதுபோல் வெள்ளைக் கையுறை கிடையாது, சாதாரணத் தாளுக்குக் கழுவித் துடைத்த கையே நல்லது. அந்தக் காலத்துத் தாள் கந்தல் துணியைக் கூழாக்கிச் செய்தது. வெளிச்சத்தில் பிடித்தால் கம்பி வரிகள் தெரியும், விரலை வைத்தால் அச்சு அழுத்திய பள்ளம் தட்டுப்படும். ஓரத்தில் யாரோ ஒரு பெண் தன் பெயரை எழுதிப் பழகியிருப்பாள். ஒரு நாள் முழுக்க அந்தப் பெயரைத் தேடி, சர்ச் பதிவேட்டில் கிடைத்தால் அன்று இரவு தூக்கம் வராது.

வேலை கிடைக்குமா? சுத்தி வளைக்காம நேரா சொல்லுங்க மேடம்.

பலருக்குக் கிடைப்பதில்லை. 2008-ன் பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு ஆங்கிலத் துறைகளில் நிரந்தரத்துக்கு வழியுள்ள இடங்கள் வெகுவாகக் குறைந்தன, பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. ஆரம்பகாலத்துக்கு என்று தனியாக விளம்பரம் வருவது இன்னும் அரிது. பெரும்பாலும் ஆப்பிரிக்க அமெரிக்க இலக்கியம், பூர்வகுடி ஆய்வு, அட்லாண்டிக் உலகம் என்ற தலைப்பில் வரும் இடத்துக்குத்தான் நாங்களும் விண்ணப்பிக்கிறோம். என்னோடு படித்தவர்களில் என்னைவிடக் கூர்மையானவர்கள் இரண்டு மூன்று கல்லூரிகளில் தற்காலிகமாகப் பாடம் எடுத்து, ஒவ்வொரு பருவமும் அடுத்தது இருக்குமோ இருக்காதோ என்று காத்திருந்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

நூலகம், அருங்காட்சியகம், பதிப்பகம், பள்ளி ஆகிய இடங்களுக்கும் இந்தப் படிப்பு பயன்படும். முதல் ஆண்டிலிருந்தே அந்தக் கதவுகளையும் தட்டி வையுங்கள். ஐந்து ஆண்டு உதவித்தொகையில் படித்தேன், எழுதினேன், பிறகு வேறு வேலைக்குப் போனேன் என்றாலும் எனக்குச் சம்மதம்தான் என்று சொல்ல முடிந்தால் சேருங்கள். பேராசிரியர் வேலை கிடைத்தே ஆக வேண்டும் என்றால் சேராதீர்கள்.

டென்யூர் டென்யூர்ங்கிறாங்களே, அது என்ன?

நிரந்தரப் பணி. உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து ஆறாவது ஆண்டு வாக்கில் பரிசீலிப்பார்கள். ஆய்வுப் பல்கலைக்கழகம் என்றால் ஒரு புத்தகம் வெளியாகியிருக்க வேண்டும், கற்பித்தலை முன்வைக்கும் கல்லூரி என்றால் சில கட்டுரைகளும் நல்ல வகுப்பறைப் பெயரும் போதும். கிடைக்கவில்லை என்றால் ஒரு வருடத்தில் இடத்தைக் காலி செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டுக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா, இல்ல வலிஞ்சு தேடணுமா?

வலிந்து தேட வேண்டாம், கண் முன்னாலேயே இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநர். சென்னையில் சேர்த்த செல்வத்தோடு லண்டன் திரும்பிய பிறகு, 1718-ல் கனெக்டிகட் கல்லூரிக்குத் துணிப் பொதிகளும் 417 புத்தகங்களும் அனுப்பினார். சரக்கு விற்று 562 பவுண்டு வந்தது. பெயர் சூட்டுவதாகச் சொல்லி அவரைத் தூண்டிக் கடிதம் எழுதியவர்களில் ஒருவர் பாஸ்டன் பாதிரியார் காட்டன் மேதர். யேல் ஆளுநராக இருந்த காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து அடிமைகளும் கப்பலேறினார்கள்.

அதே மேதர் தரங்கம்பாடி மிஷனரிகளோடும் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார். சீகன்பால்குக்கு எழுதினார், அவர் 1719-ல் இறந்துவிட, உடன் பணியாற்றியவரிடமிருந்து பதில் வந்தது. 1721-ல் பாஸ்டனில் அச்சான ஒரு சிறு நூலில் அந்தக் கடிதங்களை மேதர் சேர்த்திருக்கிறார். மேற்கே பூர்வகுடிகளுக்கும் கிழக்கே தமிழர்களுக்கும் மதம் பரப்புவது அவருக்கு ஒரே வேலையின் இரண்டு கைகள். அதே ஆண்டு பாஸ்டனில் பெரியம்மை. அம்மைப் பாலைக் கீறி வைத்தால் நோய் கடுமையாக வராது என்று மேதருக்குச் சொல்லியிருந்தவர் அவர் வீட்டிலேயே அடிமையாக இருந்த ஆப்பிரிக்கர் ஒநேசிமு. அவர் சொன்னது மேதரின் எழுத்துக்குள் மட்டும்தான் இன்று நமக்குக் கேட்கிறது.

அப்புறம், மாசச்சூசெட்ஸிலும் ஒரு சேலம் உண்டு. 1790 டிசம்பரில் அந்த ஊர்ப் பாதிரியார் வில்லியம் பெண்ட்லி, சென்னையிலிருந்து வந்த ஒருவரைப் பார்த்ததாக நாட்குறிப்பில் எழுதுகிறார்: கறுத்த நிறம், நீண்ட கரிய கூந்தல், சாந்தமான முகம், நல்ல உயரம். பெயர் எழுதவில்லை. அந்தப் பதிவை முதன்முதலில் படித்தபோது அவரோடு தமிழில் இரண்டு வார்த்தை பேச முடியாதா என்று இருந்தது.

வெள்ளைக்காரரும் இல்ல, கறுப்பினத்தவரும் இல்ல. நமக்கு இதைப் பேச என்ன உரிமை இருக்கு?

ஒரு நேர்காணலில் என்னிடமும் இதைக் கேட்டார்கள், கொஞ்சம் முகம் சுளித்து. அன்று பதில் தடுமாறியது. இன்று சொல்வது இது: படிக்க எல்லாருக்கும் உரிமை உண்டு, ஆனால் முதலில் வந்தவர்களின் உழைப்பைப் படித்துவிட்டு வர வேண்டும். கறுப்பின ஆசிரியர்களும் நூலகர்களும் பல்கலைக்கழகங்கள் திரும்பிப் பார்க்காத காலத்திலேயே இந்த எழுத்துகளைக் காப்பாற்றி வைத்தார்கள். அவர்களை மேற்கோள் காட்டாமல் நானே கண்டுபிடித்தேன் என்று எழுதுவது தவறு.

பூர்வகுடி எழுத்து என்றால் அந்தச் சமூகம் இன்றும் இருக்கிறது என்ற நினைப்பு வேண்டும். ஆக்கொமின் தாள்களை டார்ட்மத் கல்லூரி 2022 ஏப்ரலில் மொஹீகன் மக்களிடமே திருப்பிக் கொடுத்தது. மூலத்தைப் பார்க்க விரும்புகிறவர் இனி அவர்கள் ஊருக்குப் போய் அவர்களிடம் கேட்க வேண்டும். எனக்கு அது நியாயமாகப் படுகிறது.

இனம்ங்கிறது நம்ம சாதி மாதிரிதானே? அப்படியே ஒப்பிட்டு தீசிஸ் எழுதிடலாமா?

ஒப்பீடு புதிதல்ல. 1873-ல் ஜோதிராவ் புலே, அடிமைத்தனம் பற்றிய தன் மராத்தி நூலை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946-ல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா.வுக்குப் போன அவர்களுடைய மனுவைப் பற்றி விசாரித்தார். இரண்டு பக்கத்திலும் பாதிக்கப்பட்டவர்களே தொடங்கிய உரையாடல் இது, அதனால் மரியாதையோடு தொட வேண்டும்.

பிறப்பை வைத்து இழிவு, கலப்பு மணத்துக்குத் தண்டனை, எழுத்தறிவுக்குத் தடை என ஒற்றுமைகள் கண்ணில் அறையும். ஆனால் 1662, 1691 என்று மேலே சொன்னேனே, அங்கே கோடு கிழித்த தேதியைக் கையை வைத்துக் காட்டலாம், கிழித்தவர்கள் பெயரும் இருக்கிறது. சாதிக்கு அப்படி ஒரு பிறந்த தேதி சொல்ல முடியாது. அங்கே மனிதனே விலைச் சரக்கு, ஆப்பிரிக்கா என்ற இழந்த மண் ஒன்று. இங்கே பக்கத்துத் தெருவிலேயே காலம் காலமாக இருந்தும் தொடாமை. 'அதுவும் இதுவும் ஒன்றே' என்று முதல் அத்தியாயத்தில் முடிவு கட்டிவிட்டால் மீதி நான்கு அத்தியாயத்தில் எழுத ஒன்றும் இருக்காது.

வீட்லி, தன்னை ஆப்பிரிக்காவுல இருந்து கொண்டுவந்தது கடவுளோட கருணைன்னு எழுதியிருக்காங்களே. எப்படி ஏத்துக்கிறது?

மாணவர்கள் கோபத்தோடு கேட்பது. எட்டே வரிக் கவிதை. தொடக்கம் நீங்கள் சொன்னபடிதான். ஆனால் கடைசி இரண்டு வரிக்கு வாருங்கள். கிட்டத்தட்ட இப்படி: 'நினைவிருக்கட்டும், கிறித்தவர்கள், நீக்ரோக்கள், காயீனைப் போல் கறுத்தோர், தூய்மையாகித் தேவதூதர் வரிசையில் சேரலாம்.' காயீன் பைபிளில் தம்பியைக் கொன்றவன். காற்புள்ளிகளைப் பாருங்கள். கிறித்தவர்களை விளித்து, நீக்ரோக்கள் தூய்மையாகலாம் என்று சொல்கிறாரா? கிறித்தவர், நீக்ரோ இருவருமே காயீனைப் போல் கறுத்தவர்கள், இருவரும்தான் தூய்மையாக வேண்டும் என்கிறாரா? இலக்கணம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

சிலேடை கேட்டு வளர்ந்த தமிழ்க் காதுக்கு இன்னொன்றும் பிடிபடும். ஆங்கிலத்தில் காயீனின் பெயரும் கரும்பைக் குறிக்கும் சொல்லும் ஒன்றுபோல் ஒலிக்கும். தூய்மையாக்குதல் என்று அவர் போட்ட சொல்லைத்தான் சர்க்கரை ஆலையிலும் சொல்வார்கள். முந்திய வரியில் நிறத்தைக் குறிக்கும் சொல்லைச் சாவு என்றும் கேட்கலாம், சாயம் என்றும் கேட்கலாம். சர்க்கரையும் அவுரிச் சாயமும் அடிமைகளின் உழைப்பில் விளைந்தவை. இதை எழுதும்போது அவருக்குப் பதினான்கு பதினைந்து வயது. வாங்கியவர்கள் வீட்டில், அவர்கள் படிக்கப்போகும் தாளில் எழுதுகிற பெண் எவ்வளவு சொல்ல முடியுமோ அதைச் சொல்லியிருக்கிறார் என்றுதான் நான் படிக்கிறேன். வெளிப்படையாகப் பேசும் இடம் கிடைத்தபோது பேசவும் செய்தார்: விடுதலையான பிறகு, 1774 பிப்ரவரியில், மேலே சொன்ன அதே ஆக்கொமுக்கு எழுதிய கடிதத்தில், சுதந்திர வேட்கையைக் கடவுள் ஒவ்வொரு நெஞ்சிலும் விதைத்திருக்கிறார் என்றார். அது பத்திரிகையிலும் வந்தது.

18 பெரிய மனுஷங்க சுத்தி உக்காந்து அவங்களுக்குப் பரீட்சை வெச்சாங்களாமே. நிஜமா நடந்ததா?

இலக்கிய அறிஞர் ஹென்ரி லூயி கேட்ஸ் 2002-ல் ஆற்றிய சொற்பொழிவிலும் மறு ஆண்டு வந்த நூலிலும் அந்தக் காட்சியை உயிரோடு வரைந்தார். பாடநூல்களில் அது நடந்த சம்பவமாகவே பரவிவிட்டது. ஆனால் அப்படி ஒரு பரீட்சைக்கு அக்காலத்துப் பதிவு எதுவும் இல்லை. 2010-ல் ஆய்வாளர் ஜோயானா புரூக்ஸ் இதைச் சுட்டிக்காட்டி, பரீட்சை நடக்கவில்லை என்று வாதிட்டார். அதோடு, வீட்லியின் கவிதைகளை வாங்கியும் கைப்பிரதியாகப் பரப்பியும் நின்ற பெண்களை மறந்துவிட்டு ஏன் 18 ஆண்களையே பார்க்கிறோம் என்றும் கேட்டார். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. கையெழுத்து இருக்கிறது, காட்சி இல்லை. தாமஸ் ஜெஃபர்சனோ கையெழுத்தையும் பொருட்படுத்தவில்லை. மதம் ஒரு வீட்லியை உருவாக்கலாம், கவிஞரை உருவாக்காது என்று தன் வர்ஜீனியாக் குறிப்புகளில் எழுதினார், அவர் பெயரையே தப்பாக எழுதி.

ஈக்வியானோ பிறந்த ஊரைப் பத்திப் பொய் சொன்னார்னு படிச்சேன். அப்போ அந்தப் புத்தகத்தை நம்பலாமா?

அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒலௌடா ஈக்வியானோ 1789-ல் லண்டனில் வெளியிட்ட சுயசரிதையில், தான் இன்றைய நைஜீரியப் பகுதியில் பிறந்து, கடத்தப்பட்டுக் கடல் கடந்ததாகச் சொல்கிறார். 1759-ல் லண்டனில் நடந்த ஞானஸ்நானப் பதிவும் 1773-ல் வடதுருவப் பயணக் கப்பலின் பெயர்ப்பட்டியலும் அமெரிக்காவின் கரோலினாவில் பிறந்தவர் என்கின்றன. ஆய்வாளர் வின்சென்ட் கரெட்டா இவற்றை வெளிக்கொண்டுவந்து, 2005-ல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் விவாதித்தார். மறுப்பவர்களும் ஆதாரத்தோடு மறுக்கிறார்கள்: ஞானஸ்நானத்தின்போது அவர் சிறுவன், பதிவில் எழுதச் சொன்னது யாரோ.

நான் வகுப்பில் இரண்டு தரப்பையும் வைத்துவிட்டு ஒன்று சொல்வேன். தன் பிறப்பைத் தானே சொல்ல முடியாதபடி ஒருவரிடமிருந்து பெயரையும் ஊரையும் பிடுங்கிவிட்டு, சான்றிதழ் எங்கே என்று கேட்பதும் அந்த 18 கையெழுத்தின் தொடர்ச்சிதான். அதற்காக ஆதாரத்தை மறைத்துவிடவும் கூடாது. கரெட்டா கண்டதை வெளியிட்டது சரி.

இப்ப இருக்கிற அரசியல்ல இதைச் சொல்லிக்கொடுக்க விடுறாங்களா?

மாநிலத்தைப் பொறுத்தது. ஃபுளோரிடாவில் 2022-ல் இனம் பற்றிய கற்பித்தலைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது, பல்கலைக்கழகங்களுக்கான பகுதியை அதே ஆண்டு நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. 2025 ஏப்ரலில் மனிதவியல் ஆய்வுக்கான தேசிய நிதி அமைப்பு ஏற்கெனவே கொடுத்த நூற்றுக்கணக்கான நல்கைகளை ரத்து செய்தது. விசாவில் இருப்பவர்களுக்குக் கவலை கூடுதல்தான். சேரும் முன் அந்த மாநிலத்து நிலவரத்தை அங்கேயே படிக்கும் மாணவர்களிடம் விசாரியுங்கள்.

எல்லாத்தையும் ஆராய்ஞ்சு முடிச்சிருப்பாங்களே அக்கா. நாங்க புதுசா கண்டுபிடிக்க என்ன மிச்சம் இருக்கு?

2023-ல்கூட வீட்லியின் கவிதை ஒன்று புதிதாகக் கிடைத்தது, ஃபிலடெல்ஃபியாவில் ஒருவர் தனக்குப் பிடித்ததையெல்லாம் எழுதி வைத்த நோட்டில். 2011-ல் யேல் நூலகத்தில், அடிமையாகவே வாழ்ந்த கவிஞர் ஜூபிடர் ஹேமனின் கவிதை கைப்பிரதியாகக் கிடைத்தது, கண்டெடுத்தவர் ஓர் ஆய்வு மாணவி. 1779-ல் வீட்லி இரண்டாவது புத்தகத்துக்கு விளம்பரம் கொடுத்தார்: 33 கவிதைகள், 13 கடிதங்கள். போர்க்காலம், பணம் போட ஆள் வரவில்லை. 1784-ல் முப்பத்தொன்று வயது வாக்கில் இறந்துபோனார். அந்தக் கட்டு எங்கே போனது என்று இன்றும் தேடுகிறோம்.

நியூபோர்ட் நகரில் ஓபர் டேனர் என்ற பெண் இருந்தார், அவரும் அடிமைப்படுத்தப்பட்டவர், வீட்லியின் தோழி. வீட்லி அவருக்கு எழுதிய கடிதங்களில் சில பாஸ்டனில் மாசச்சூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தில் இருக்கின்றன. 1779 மே மாதக் கடிதம் மிகச் சின்னது. நான் பேசாமல் இருந்தாலும் உன்னை மறந்துவிடவில்லை, எத்தனையோ இடைஞ்சல்கள் என்கிறார். ஓபர் அந்தத் தாள்களைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்ததால்தான் நம் கைக்கு வந்தன. பதிலுக்கு ஓபர் எழுதிய கடிதம் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை.